சா பூ துவோ

பர்கூர் சிப்காட், மே மாதம்.
பசை உலையின் முள் எழுபதில் நிற்கிறது.
லியூ வெய்மின் குனிந்து பார்க்கிறார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்,
மறுபடி பார்க்கிறார்.

"என்னவாம்?" என்கிறார் கோதண்டபாணி சார்.
"சா பூ துவோ" என்கிறார் லியூ.
வார்த்தைக்கு வார்த்தை சொன்னால்:
வித்தியாசம் அதிகமில்லை.
நான் சொன்னேன்: "சரியாம் சார்."
நாலே எழுத்து.
நாலு எழுத்து படித்ததற்குத்தானே
மாதம் முப்பத்திரண்டாயிரம் தருகிறார்கள்.

ஆறாவது வாரம்
நாலாயிரம் ஜோடி திரும்பி வந்தது.
பெட்டி பெட்டியாய், அடிப்பாகம் வாய் பிளந்து.
பேசியிருக்க வேண்டியவர்கள் எல்லாருக்குமாக
ஷூக்கள் பேசின.

"பசை காயலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா,
விரல்லயே ஒட்டிக்கிச்சே"
என்றாள் மாதம்மா, கேன்டீனில்.
ஏன் சொல்லவில்லை?
"என்னை யாரு கேட்டா?"
தயிர் சாதத்தை வழித்துத் தின்று
டப்பாவைக் கழுவப் போய்விட்டாள்.

லியூவையும் கேட்டேன்,
ஓசூர் போகும் காரில், சூளகிரி தாண்டி.
உங்களுக்கு முன்பே தெரியுமா?
லாரிகளை எண்ணுகிறவர் போல
ரொம்ப நேரம் வெளியே பார்த்தார்.
அப்புறம் அவர் ஊர்ப் பழமொழி ஒன்று:
தலையை நீட்டும் பறவையைத்தான் துப்பாக்கி சுடும்.
எங்கள் ஊரில் அது தவளை, என்றேன்,
தன் வாயாலேயே கெடும்.
சிரித்தார்.
பாம்புக்கு இரண்டு மொழியும் தெரியும் போல.

ஆனால் இவருக்குச் சொந்த அபிப்பிராயமே கிடையாது
என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.
போன வாரம்தான்
"நீ பருத்துவிட்டாய்" என்றார், முகத்துக்கு நேரே.
சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு,
ஏன் இன்னும் கல்யாணமில்லை,
எல்லாம் கேட்டாயிற்று.
சந்தூர் மல்கோவாவைக் கடித்துப் பார்த்து
நார் அதிகம் என்று தீர்ப்பும் சொன்னார்.
மல்கோவாவுக்கு நாரா!
அரை மணி நேரம் சண்டை போட்டேன்.
மாம்பழம் பற்றி, என் இடுப்பு பற்றி,
எங்கள் சாம்பாரின் இனிப்பு பற்றி
மூட்டை மூட்டையாய் வைத்திருக்கிறார்.
உலை பற்றி மட்டும்,
வென்ஜோவிலிருந்து திரையில் வாங் பார்த்துக்கொண்டிருக்கையில்,
சா பூ துவோ.
அந்த உலையை வாங்கச் சொன்னவர் வாங்.

குறை சொல்ல நான் யார்?
தை மாதம் ராயக்கோட்டையிலிருந்து
பெண் பார்க்க வந்தார்கள்.
"பொண்ணு என்ன சொல்லுது?" என்றார் யாரோ ஒரு சித்தப்பா.
"பெரியவங்க பார்த்துச் செஞ்சா சரி"
என்றது, இரண்டு மொழியில் சம்பாதிக்கும் இந்த வாய்.
கிளம்பும்போது அவர்கள் சொன்னார்கள்:
"பார்க்கலாம்."
காபி டம்ளர்களை அம்மா எடுத்துப்போனாள்.
பார்க்கலாம் என்றால் என்னவென்று
எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இன்றைக்குப் புதன்கிழமை.
புது உலை. அதே வாங், அதே திரை.
கோதண்டபாணி சார் பேனாவைத் தட்டுகிறார்.
"என்னவாம்?"

"வென்தி பூ தா" என்கிறார் லியூ.
பிரச்சினை பெரிதில்லை.
சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறார்.
நான் அதையும் சேர்த்து மொழிபெயர்த்தேன்:
"பிரச்சினை பெரிசில்லையாம் சார்.
ஆனா இருக்குதாம்."

பேனா நின்றது.
"இது அவர் சொல்றாரா,
இல்ல நீ சொல்றியா?"

லியூவுக்குத் தமிழ் தெரியாது.
என் பக்கம் லேசாகச் சாய்ந்து,
துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டு,
மெல்லக் கேட்கிறார்:
என்ன கேட்கிறார்?